மாத்திரையை விழுங்கியும் இரத்தம் ஏறாத கதை

(ஒன்றைச் சரிசெய்தும் நிலைமை மாறாத தங்கள் கதைகளை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்தவர்கள் புனைபெயரில் எழுதியவை.)

கொழுந்துக்கூடை, ஹட்டன்:

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்த்தார்கள். 8.9. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள், ஒரு நாள் விடாமல் விழுங்கினேன். அடுத்த மாதம் 9.1. "மாத்திரையைக் கானுக்குள் (சாக்கடைக்குள்) வீசுகிறாயா?" என்று அங்கிருந்த ஒரு தாதி மிஸ்ஸி கேட்டார். அழுதுகொண்டே லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்தேன்.

அடுத்த கிழமை எங்கள் குடும்பநல மாது காம்பராவுக்கே (லய அறைக்கே) வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். மாத்திரையை எதோடு குடிக்கிறாய் என்று கேட்டார். சாயத்தண்ணியோடு (பால் போடாத தேநீரோடு) என்றேன். நாள் முழுக்கப் பறிப்பது அதைத்தானே, வேறு எதோடு குடிப்பது! சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார். கல்சியம் மாத்திரையையும் கூடவே போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் தடையாம். அப்புறம் என் காலைப் பார்த்தார். மலைக்குக் கொழுந்து பறிக்கச் செருப்பில்லாமல்தான் போவேன். எங்கள் லயத்தில் ஆறு வீட்டுக்கு ஒரே கக்கூஸ், மழை பெய்தால் வழியும். கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும் என்று சொல்லி, பூச்சி மருந்துக்கு எழுதினார். கடைசியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவைப் பற்றிக் கேட்டார். பாக்கெட் வந்த அன்றே எல்லாரும் பங்கு போட்டுவிடுவோம் என்றேன். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணிக்கு மாற்றினேன், கல்சியத்தை இரவுக்குத் தள்ளினேன், வீட்டுக்காரர் சந்தையில் ஒரு சோடிச் செருப்பு வாங்கி வந்தார். பேறுக்கு முன் 10.6. கக்கூஸ் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய கணக்கப்பிள்ளை, தலவாக்கலை:

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது எங்கள் லயத்தில் பட்டாசு கொளுத்தினோம். அப்புறம் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்து நிறை இரண்டு கிலோ கூடியது. எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். வேலை நாளும் குறைந்தது. செக்ரோல் (வேலை நாள், சம்பளக் கணக்குப் புத்தகம்) எழுதியவன் நான், சில பேருடைய மாதக் கணக்கு முன்பைவிடக் கீழே இறங்கியதை என் கையால்தான் எழுதினேன். சம்பளத்தைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

பதுளைத் தம்பி:

எங்களுக்குச் சொந்தமாக அரை ஏக்கர் தேயிலை. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, கொழுந்து வெளிறிச் சிறுத்தது. நவம்பரில் தடை நீங்கியதும் "இனி உரம் வந்தால் சரி" என்றார் அப்பா. வந்தது. மூடை விலையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிறகு கடன் வாங்கிப் போட்டும் பெரிதாகத் துளிர்க்கவில்லை. மண்ணைப் பரிசோதித்தவர், புளிப்பு ஏறிக் கிடக்கிறது, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போடாமல் உரம் போட்டுப் பயனில்லை என்றார். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) வேறு பிந்திவிட்டது. வெட்ட ஆள் எங்கே? ஊர்ப் பொடியன்கள் எல்லாம் கொழும்பில் கடைகளில். அதில் நானும் ஒருவன், இதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

கொழுந்துக்கூடை, ஹட்டன்:

தம்பி, தீபாவளிக்கு ஊருக்குப் போவீங்கதானே? என் வீட்டுக்காரர் இருபது வருடம் கவ்வாத்து வெட்டியவர். இரயில் காசும் பகல் சோறும் கொடுத்தால் வருவார். டொலமைட்டை மட்டும் முதலே வாங்கி வைக்கச் சொல்லுங்க.