சூப்பர்மோட்டோவுக்கும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கும் தமிழில் என்ன பெயர்?

மடல் 1: இராயபுரத்திலிருந்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிற்றிதழுக்கு, வேலைக்குப் போய்வர எந்த வண்டி ஏற்றது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கங்களிலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் இளைஞர்களே அதன் வாசகர்கள். அவர்களில் பலர், பந்தய வண்டியின் சாயலில் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கத் துடிக்கிறார்கள். சிலர், மண்தட வண்டியின் உடலும் தார்ச்சாலைச் சக்கரமும் கொண்ட சூப்பர்மோட்டோவை இணையத்தில் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு எழுதத் தொடங்கியபோது சொல்லில்தான் தடுமாற்றம் வந்தது. முதலதற்கு 'விளையாட்டு உந்துருளி' என்றும் இரண்டாவதற்கு 'மீயுந்துருளி' என்றும் எழுதிப் பார்த்தேன். படித்த ஒருவருக்கும் வண்டியின் உருவம் மனத்தில் வரவில்லை. வண்டியைப் பார்த்திராதவருக்கும் அதன் சாயலைக் காட்டும் சொற்கள் கிடைத்தால் கட்டுரை பிழைத்துக்கொள்ளும். ஐயாமார்களும் அம்மையார்களும் உதவுக.

மடல் 2: திருவொற்றியூரிலிருந்து

வணக்கம் அம்மா.

'விளையாட்டு', 'மீ' ஆகிய இரண்டையும் முதலில் ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. ஸ்போர்ட்ஸ் என்பதும் சூப்பர் என்பதும் விற்பனைக்காகவும் தொலைக்காட்சிக்காகவும் ஒட்டப்பட்ட பெயர்கள். அவற்றை மொழிபெயர்த்தால் விளம்பரத்தைத்தான் மொழிபெயர்த்தவர்கள் ஆவோம். சூப்பர்மோட்டோ பிறந்த கதையையே பாருங்கள். 1979இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் பந்தயத் திடலில் ஒரு போட்டியை நடத்தியது. தார்த் தடத்தில் ஓட்டுபவர், மேடுபள்ளமான மண் தடத்தில் தாவுபவர், தட்டையான மண் வட்டத்தில் சறுக்கித் திரும்புபவர் ஆகிய மூவகையினரையும் ஒரே தடத்தில் இறக்கி, எல்லாவற்றிலும் வல்லவர் யார் என்று பார்ப்பதே அதன் நோக்கம். தடத்தில் ஒரு பகுதி தார், ஒரு பகுதி மண். அதற்காக மண்தட வண்டியின் உடலில் தார்ச்சாலைக்குரிய சிறிய, அகன்ற சக்கரங்களைப் பூட்டினார்கள். 1985க்குப் பின் அமெரிக்காவில் அந்தப் போட்டி நின்றுபோக, பிரான்சு முதலிய ஐரோப்பிய நாடுகளில் அது வேரூன்றியது. ஆகவே அந்த வண்டியின் இலக்கணம் அதன் உடலிலும் சக்கரத்திலும் இருக்கிறதே தவிர, 'சூப்பர்' என்னும் முன்னொட்டில் இல்லை.

இப்போது நம் சாலைக்கு வருவோம். இரண்டு வகைகளிலும் சக்கரம் 17 அங்குலமே. பெரிய எந்திர வண்டிகளில் முன் டயரின் அளவுகூடப் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு சக்கரத்துக்கு மேலே தொடங்குகிறது. கே.டி.எம். 690 எஸ்.எம்.சி. ஆர் என்னும் சூப்பர்மோட்டோவில் முன் சக்கரம் 215 மி.மீ. வரை மேலேறி இறங்கும், ஆர்.சி. 390 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கில் அந்தத் தொலைவு 120 மி.மீ. மட்டுமே. முன்னதன் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 890 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, யமஹா ஆர்15 என்னும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் 815 மி.மீ. சுசுகி டி.ஆர்.இசட். 400 எஸ்.எம். என்னும் சூப்பர்மோட்டோவும் ஏறத்தாழ அதே 890 மி.மீ. உயரந்தான். கைப்பிடி சூப்பர்மோட்டோவில் அகலமாகவும் உயரமாகவும் இருக்க, ஸ்போர்ட்ஸ் பைக்கில் முன் சக்கரத்தைத் தாங்கும் 'ஃபோர்க்' குழாய்களிலேயே தாழ்வாகக் கவ்வியிருக்கும். பெட்ரோல் டாங்கியில் முட்டும் என்பதால் அதை முழுதாகத் திருப்பவும் முடியாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்ததும் இருபுறக் கூட்டமும் ஒரே நேரத்தில் பாயும்போது, ஸ்போர்ட்ஸ் பைக்காரர் வண்டியை வளைக்க முடியாமல் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

குனிந்த இருக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேகம் மிகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக் கைகளின் சுமையைக் குறைக்கும். தண்டையார்பேட்டை நெரிசலில் இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்று கிடைக்காது. மேலுடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் இன்னும் கூடும். காசிமேட்டு மெக்கானிக் கடைகளில் இதைக் 'குனிஞ்சு ஓட்டுற வண்டி' என்றுதான் சொல்கிறார்கள், அல்லது 'ரேஸ் வண்டி' என்கிறார்கள். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்த வட்டாரம் இது. 'ரேஸ் வண்டி' என்ற வழக்கு இங்கே நிலைத்ததில் வியப்பில்லை. ஆனால் 'ரேஸ்' என்பது வண்டியின் ஆசையைச் சொல்கிறது, 'குனிஞ்சு' என்பது ஓட்டுபவரின் முதுகைச் சொல்கிறது. கலைச்சொல்லுக்கு முதுகே போதும். மகிழ் + உந்து மகிழுந்து ஆனதைப்போல, குனி + உந்து என்பதை வினைத்தொகையாகக் 'குனியுந்து' எனலாம். குனிந்த, குனிகின்ற, குனியும் உந்து. முக்காலத்துக்கும் பொருந்துகிறது, முதுகுவலியும் அப்படியே.

இதற்கு எதிராக 'நிமிருந்து' என்று எளிதாக இணைத்துவிடலாமே எனத் தோன்றும். அது செல்லாது. ஸ்பிளெண்டரையும் புல்லட்டையும் நிமிர்ந்துதான் ஓட்டுகிறோம். 1950களிலிருந்து புல்லட் உருவான ஊரில் இருந்துகொண்டு அதை மறந்துவிட முடியாது. சூப்பர்மோட்டோவை மற்ற நிமிர்ந்த வண்டிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் நெட்டையான உடல். பெருமை + உந்து பேருந்து ஆயிற்று. அங்கே ஈறு கெட்டு முதலெழுத்து நீண்டது. அதே பண்புப்பெயர்ப் புணர்ச்சியில் நெடுமை + உந்து, ஈறு கெட்டுத் தன்னொற்று இரட்டி 'நெட்டுந்து' ஆகும். நெட்டுயிர் என்பதில் நாம் அறிந்த புணர்ச்சிதான். ஆகவே என் முன்மொழிவு: ஸ்போர்ட்ஸ் பைக் குனியுந்து, சூப்பர்மோட்டோ நெட்டுந்து.

கட்டுரையின் தீர்ப்பைப் பொறுத்தவரை, எண்ணூர் விரைவுச்சாலைக்கு நெட்டுந்தே மேல் என்பேன். கார்களின் கூரைக்கு மேலே பார்வை செல்லும்; கண்டெய்னர் லாரி ஓட்டுநரின் கண்ணில் படும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல். ஆனால் லாரியின் மூக்கை ஒட்டினாற்போல் நின்றால் எந்த வண்டியும் அவருக்குத் தெரியாது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

மடல் 3: பெரம்பூரிலிருந்து

வணக்கம்.

குனியுந்து எனக்கு முழு உடன்பாடு. 'நெட்டுந்து' பற்றி ஐயாவிடம் ஒரு மறுப்பு உண்டு. இலக்கணம் சரிதான், 'நெட்டை' என்னும் வழக்கு இருப்பதால், நீளமான வண்டி என்று எவரும் மயங்கப்போவதில்லை. ஆனால் மண்தட வண்டியும் நெட்டைதான், மண்பாதையிலும் போகும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியும் நெட்டைதான். எக்ஸ்பல்ஸின் இருக்கை 825 மி.மீ.; முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். அதை வாங்கி 17 அங்குலச் சக்கரம் பூட்டி, சூப்பர்மோட்டோ ஆக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சக்கரம் மாற்றுவதற்கு முன்னும் நெட்டுந்து, பின்னும் நெட்டுந்து என்றால் அந்தச் சொல் எதையும் வேறுபடுத்தவில்லை.

இது வெறும் பகுப்பு நுட்பம் அன்று. நெட்டுந்து என்று கேட்கும் இளைஞர், காட்டிலும் மேட்டிலும் போகும் வண்டி என்று எண்ணி, சாலையோரம் குவிந்த மணலில் துணிந்து இறக்குவார். எண்ணூர்ப் பக்கம் லாரியிலிருந்து சிந்தும் மணலும் கடற்காற்று வாரிவரும் மணலும் தாரின்மேல் மெல்லிய படலமாகக் கிடப்பதை நாமெல்லாரும் அறிவோம். அங்கே சூப்பர்மோட்டோவின் டயர், குனியுந்தின் டயரைப் போலவே சறுக்கும். ஏனென்றால் இரண்டும் தாருக்காகச் செய்யப்பட்டவை. உயரமான உடல் பள்ளத்தைத் தாங்கும், மணலில் பிடிப்பைத் தராது. உயிரைக் காக்கும் இந்தச் செய்தி பெயரிலேயே இருக்கட்டும்.

ஆகவே நெட்டுந்து என்பதை முழுக் குடும்பத்துக்கும் வைத்து, சக்கரத்தை முன்னே சேர்க்கலாம். சூப்பர்மோட்டோ 'தார் நெட்டுந்து'. மண்தட வண்டி 'புழுதி நெட்டுந்து'. சக்கரத்தை மாற்றினால் முன்சொல் மாறும், உடல் மாறாததால் பின்சொல் மாறாது. 1979இல் கார்ல்ஸ்பாடில் நடந்ததும் இதுவே. சக்கரம் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது.

மடல் 4: திருவொற்றியூரிலிருந்து

பெரம்பூர் நண்பரின் இரட்டைப் பெயரை வரவேற்கிறேன். பேச்சில் 'தார் நெட்டை' என்று சுருங்கினாலும் பொருள் கெடாது. ஒரு சொல்லாக இல்லையே என்று சிலர் குறைப்படலாம். 'ஸ்போர்ட்ஸ் பைக்' என்பதே இரண்டு சொற்கள்தாமே!

மடல் 5: இராயபுரத்திலிருந்து

அனைவருக்கும் நன்றி. சொற்கள் அமைந்ததும் கட்டுரையின் போக்கே மாறிவிட்டது. எந்த வண்டி சிறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்ததை விட்டு, எந்தச் சாலை, எந்த உயரம் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கும் நாளில் இரண்டுமே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். முடிவுப் பத்தியை இங்கே தருகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

'நாள்தோறும் நெரிசலில் போய்வருபவருக்குக் குனியுந்து மணிக்கட்டையும் முதுகையும் வருத்தும். நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு செல்பவருக்கு அதன் காற்றுத்தடுப்பு நன்மை தரும். தார் நெட்டுந்து பள்ளங்களையும் வேகத்தடைகளையும் எளிதில் கடக்கும். பார்வையும் தெளிவாக இருக்கும். ஆனால் 165 செ.மீ. உயரமுள்ளவர் பேசின் பாலச் சரிவில் நின்றுநின்று நகரும்போது ஒரு காலின் நுனியை மட்டுமே ஊன்ற முடியும். பின்னிருக்கையில் ஆள் இருந்தால் வண்டி சாயக்கூடும். 800 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள அதன் கைப்பிடி, மண்ணடித் தெருக்களில் நிற்கும் வண்டிகளின் கண்ணாடியில் மோதும். வாங்குமுன் இருக்கையில் ஏறி அமர்ந்து, இரு குதிகாலும் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடாவிட்டால், நெரிசலுக்கு எக்ஸ்பல்ஸ் அளவு உயரமே போதும். அதன் சக்கரத்தையும் மாற்ற வேண்டாம்.'

இதே கட்டுரையில், குனியுந்தில் தாழ்வாகக் கவ்வியிருக்கும் 'கிளிப் ஆன்' கைப்பிடிக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. 'கவ்வுபிடி' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது.