தம்பி சுவிசில், அண்ணன் நல்லூரில்: மேளச் செற் உடைவது சரியா?

இணுவில் பெடியன்: எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணன் தம்பி. அண்ணன் நாதஸ்வரம், தம்பி தவில், எந்தக் கோயிலுக்கும் ஒரே செற்றாய்த்தான் போவார்கள். போன வருடம் சுவிஸ் கோயில் ஒன்று திருவிழாவுக்குக் கூப்பிட்டது. அங்கே அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நின்ற பிள்ளைக்கும் தம்பிக்கும் மனம் பொருந்திவிட்டது. விசா முடியமுன் ஒழுங்காய்த் திரும்பி வந்தான், பிறகு பிள்ளை வந்து கொழும்பில் கலியாண எழுத்தும் முடிந்தது, இப்போது ஒரேயடியாய்ப் போகப் போகிறான். அண்ணன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. தம்பி செய்தது பிழையா?

அளவெட்டியான்: பிழைதான். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் 25 நாள் திருவிழா நடக்கிற அதே கோடையில்தான் ஐரோப்பாக் கோயில்களிலும் கொடியேறுகிறது, இங்கே கை தேவைப்படும் நேரம் பார்த்து அவன் அங்கே நிற்பான். வேறு தவில்காரர் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள், இணுவிலில் தவிலுக்கா பஞ்சம்? ஆனால் அண்ணன் மூச்சு எடுக்கிற இடம் தெரிந்து, அவர் திரும்பிப் பார்க்கமுன்னமே தீர்மானத்தை, அதுதான் முடித்து வைக்கிற தாளக்கட்டை, தொடங்குகிறவன், சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் படுத்தவன்தான். அதைக் காசு கொடுத்துப் பிடிக்க முடியாது.

சூரிச் மருமகள்: அண்ணை, அந்தப் பிள்ளை என்ன களவா எடுத்தாள்? அண்ணனுக்கு வீடு, மனிசி, இரண்டு பிள்ளைகள் இருக்கும், தம்பி மட்டும் காலம் முழுக்கத் தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடக்க வேண்டுமோ? களவாய் ஒளிந்து நின்றிருந்தால் நானே பேசியிருப்பேன், அடுத்த முறை வாற செற்றுக்கும் விசா இழுபடும். அவன் அப்படிச் செய்யவில்லையே.

பழைய ரசிகர்: இது இன்றைக்குப் புதிதாய் நடக்கிற கதையில்லை. அமெரிக்காவில் பிரெட் அஸ்டேர் என்ற ஆட்டக்காரர், அவருடைய அக்கா அடேல். 1905இலிருந்து சோடியாய் மேடையில் ஆடியவர்கள். 1923இல் லண்டனுக்கு ஆடப் போனார்கள், சனம் கொண்டாடியது, பிறகும் பலமுறை போனார்கள். அந்தப் போக்குவரத்தில்தான் டெவன்ஷயர் கோமகனின் இரண்டாவது மகன் சார்ல்ஸ் கவென்டிஷ் அடேலுக்குப் பழக்கம். 1932இல் அடேல் மேடையை விட்டு அவரைக் கட்டிக்கொண்டு அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டைக்குப் போய்விட்டார். அதுவரை அக்காதான் பெரிய ஆட்டக்காரி என்று பேச்சு. தனித்துப் போன தம்பி அடுத்த வருடமே சினிமாவுக்குப் போய், ஜிஞ்சர் ரோஜர்சோடு ஆடி உலகப் புகழ் எடுத்தார்.

அளவெட்டியான்: நல்ல உதாரணம் ஐயா, ஆனால் எனக்குத்தான் சாதகம். அடேலுக்குக் கோட்டை, எங்கள் பெடியனுக்கு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுற வேலை. பிரெட் தனியாகவும் ஆடலாம். தவில் இல்லாமல் தனி நாதஸ்வரத்தைத் தேர் முட்டியில் நின்று ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூரிச் மருமகள்: கோப்பை கழுவுறது கேவலமோ? என்னுடைய மனுசனும் கழுவினவர்தான், அந்தக் காசில்தான் உங்கள் ஊர்க் கோயிலுக்கு வருடா வருடம் ஒரு திருவிழா உபயம் வருகிறது. சனி ஞாயிறில் இங்கே பிள்ளைகளுக்குத் தவில் பழக்க ஆளில்லாமல் தேடுகிறோம், அதையும் யோசியுங்கள்.

அளவெட்டியான்: கேவலம் என்று நான் சொல்லவில்லை அக்கா. அந்த விரல் வேறு வேலைக்குப் போவதுதான் வயிற்றெரிச்சல். ஐந்து வருடத்தில் கை மரத்துப் போகும்.

இணுவில் பெடியன்: சண்டை பிடிக்காதேங்கோ. நேற்றுப் பின்னேரம் போயிருந்தேன். தம்பி சாமான் கட்டிக்கொண்டிருந்தான். தவில் அடிக்க விரலில் மாட்டுகிற கூடுகளை ஒவ்வொன்றாய்த் துணியில் சுற்றிச் சூட்கேசின் அடியில் வைத்தான், தவிலைத் தொடவில்லை. அண்ணன் விறாந்தையில் நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைச் சீவிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் என்னைப் பார்த்துச் சொல்கிறார்: "தவிலையும் கொண்டுபோகச் சொல்லு, இங்கே கிடந்து எலி கடிக்கும்." தம்பி இரண்டு முழ தூரத்தில்தான் நிற்கிறான்.