யுகுலேலே வாசிக்கும் கூட்டங்களை எங்கே பார்த்தீர்கள்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

நாலுகம்பி:
கித்தார் வாசிக்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களில் பாதிப் பேர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் வாசிப்பார்கள். யுகுலேலே, அதாவது நாலு கம்பி உள்ள சின்னக் கித்தார் போன்ற வாத்தியம், வைத்திருப்பவர்கள் அப்படி இல்லை. ஒருவர் உறையிலிருந்து எடுத்தால் பக்கத்தில் இன்னொருவர் முளைத்துவிடுகிறார். எங்கள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் இப்படி ஒரு கூட்டம் உட்கார்கிறது. கணக்குப் பிரிவு, வாசல் காவலர், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் கலந்து. முறையான வகுப்பு எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவருக்கு சி கார்டை (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) காட்டுவார்கள். ஏ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே இருக்கும் கட்டு) ஒரு விரலால் அழுத்தினால் போதும், அது ஒரு முழுக் கார்ட். அடுத்த நிமிடமே அவரும் கூட்டத்தில் ஒருவர்.

இது எங்கள் இடத்தில் மட்டும்தானா, மற்ற ஊர்களிலும் சமூகங்களிலும் இப்படித்தானா? படித்ததைச் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கண்ணால் பார்த்தது ஒன்றாவது இருக்கட்டும்.

கடலோடி:
யுகுலேலே பிறந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹவாயின் ஹொனலுலு போயிருந்தபோது காமகா என்ற யுகுலேலே தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தேன். 1916இல் தொடங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. கோவா என்கிற ஹவாய் மரத்தைப் பலகையாக அறுத்து, வளைத்து, ஒட்டி, தேய்த்து முடிக்கும்வரை பார்க்கலாம். எனக்கு மறக்காத செய்தி ஒன்று: அங்கே காது கேளாதவர்கள் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள். பலகையைத் தட்டி, விரலில் படுகிற அதிர்வை வைத்தே கனம் சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். காதால் கேட்டு மரம் தேர்ந்தெடுக்கிறோம் என்று பெருமை பேசுகிற வாத்தியக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மடெய்ரா தீவிலிருந்து போர்த்துகீசியர்கள் கரும்புத் தோட்டக் கூலி வேலைக்கு வந்து இறங்கினார்கள். அவர்களில் மூன்று பேர் தச்சர்கள்: மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ. பிற்பாடு ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மஷேட் என்ற சின்ன வாத்தியத்தின் உடம்பு, ரஜாவ் என்ற இன்னொரு வாத்தியத்தின் சுருதி, உள்ளூர் கோவா மரம், இந்த மூன்றும் சேர்ந்தது யுகுலேலே. ஹவாய் மன்னர் கலாகவா அரண்மனை விழாக்களில் ஹூலா நடனத்தோடு இதைச் சேர்த்துக்கொண்டார். கூலி வேலைக்கு வந்தவர்களின் வாத்தியம் சில ஆண்டுகளில் அரசவைக்குப் போய்விட்டது.

இனி நான் பார்த்தது. மாலையில் கடற்கரைப் பூங்காவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி பாட, பேரன் வாசிக்கிறான். பாட்டி நடுவில் பாட்டை நிறுத்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தாளத்தைத் திருத்துகிறார். விளையாட்டுப் பொருள் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் இல்லை.

எஃகுக்கம்பி:
நாலுகம்பி சகோ, கோபப்படாதீர்கள். எனக்கு இந்த மோகம் பிடிபடவே இல்லை. நான் பார்த்த கூட்டத்தில் எல்லோரும் ஒரே நாலு கார்டை (சி, ஏ மைனர், எஃப், ஜி செவன்) ஒரே மாதிரி மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒரே இரைச்சல். பாதிப் பேர் சுருதியே சேர்க்கவில்லை. சுலபமாக இருப்பதால் கூட்டம் சேர்கிறது, அவ்வளவுதான். இதில் சமூகம், பண்பாடு என்று பேசுவது கொஞ்சம் அதிகம்.

மாடியறை:
எஃகுக்கம்பி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இருந்தபோது ஒரு மதுக்கடையின் மாடியில் வாராவாரம் கூடுகிற யுகுலேலே சங்கத்துக்குப் போய்வந்தேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பாட்டு வரிகளும் கார்டுகளும் சுவரில் திரையிடப்படும். யாராவது ஒருவர் “ஒன், டூ” என்று எண்ணுவார், எல்லோரும் பாய்வார்கள். இரைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வருகிற பலர் வாழ்நாளில் ஒரு வாத்தியத்தையும் தொடாதவர்கள். துணையை இழந்து தனியாக இருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “மற்ற நாளெல்லாம் தொலைக்காட்சிதான் என்னோடு பேசும்.” அவர் எஃப் கார்டை ஒரு தடவைகூடச் சரியாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. யாரும் கண்டுகொள்ளவும் இல்லை.

பிரிட்டனுக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1930களில் ஜார்ஜ் ஃபார்ம்பி என்ற நகைச்சுவைப் பாடகர் பாஞ்சோலேலேயை நாடு முழுக்கக் கொண்டுபோனார். யுகுலேலேயின் கழுத்து, பாஞ்சோவின் தோல் போர்த்திய உடம்பு. சத்தம் கணீரென்று இருக்கும், ஒலிபெருக்கி இல்லாத அரங்கிலும் கேட்கும். எங்கள் சங்கத்தில் ஒருவர் ஃபார்ம்பியின் வலதுகை அடியைப் பிடிவாதமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வேகமாக அடிக்கும்போதே நடுவில் ஒற்றைக் கம்பியைப் பிரித்துத் தட்டுகிற முறை அது. எஃகுக்கம்பி, அதை ஒரு நாள் முயன்று பாருங்கள். சுலபம் என்ற வார்த்தையை அப்புறம் பேசுவோம்.

1985இல் தொடங்கிய கிரேட் பிரிட்டன் யுகுலேலே ஆர்கெஸ்ட்ராவும் அந்த நாட்டுக்காரர்கள்தான். கச்சேரி உடையில் வரிசையாக உட்கார்ந்து, சின்னதும் பெரிதுமாக வெவ்வேறு அளவு யுகுலேலேக்களைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். எல்லோரும் ஒரே அடி அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அவர்களைக் கேட்டால் புரியும்.

பனிக்குல்லா:
என் பள்ளிக்காலம் கனடாவின் ஹாலிஃபாக்ஸில். அங்கே 1960களில் சால்மர்ஸ் டோன் என்ற இசை ஆசிரியர் யுகுலேலேயை வைத்தே பள்ளி இசைக் கல்வியை வடிவமைத்தார். குறிப்பு படிப்பது, காதால் கேட்டுச் சொல்வது, பாடிக்கொண்டே வாசிப்பது எல்லாம் இதில்தான். அவர் வடிவமைத்த யுகுலேலே முக்கோண வடிவம். எங்களுக்கு யுகுலேலே என்றால் முக்கோணம்தான். வட்டமாகப் பார்த்தால் விநோதமாக இருக்கும்.

இன்னொரு விஷயம், எங்கள் சுருதி ஏ, டி, எஃப் ஷார்ப், பி. மற்ற இடங்களில் ஜி, சி, ஈ, ஏ. அதாவது நாங்கள் ஒரு முழு ஸ்வரம் மேலே. வேறு ஊரில் ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்து, எல்லோரும் சி பிடிக்க நானும் அதே விரலை வைத்தால் என் வாத்தியம் டி என்று கத்துகிறது. “அவர் சுருதி சேர்க்கவில்லை” என்று பக்கத்து இருக்கையில் முணுமுணுத்தார்கள். சுருதி கச்சிதமாகத்தான் இருந்தது, வேறு நாட்டுச் சுருதி!

நாலுகம்பி:
பனிக்குல்லா, சிரித்துவிட்டேன். அப்படியென்றால் எஃகுக்கம்பி பார்த்த கூட்டத்தில் பாதிப் பேர் ஹாலிஃபாக்ஸ்காரர்களாக இருக்கலாம்.

தெற்குக்காற்று:
ஆக்லாந்திலிருந்து எழுதுகிறேன். நியூசிலாந்தின் பல பள்ளிகளில் முன்பு ரெக்கார்டர் குழல் இருந்த இடத்தை இப்போது யுகுலேலே பிடித்துவிட்டது. பெற்றோருக்கும் நிம்மதி. ரெக்கார்டரின் கீச்சுச் சத்தத்தை வீட்டில் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பசிபிக் தீவு மக்களைப் பற்றி. குக் தீவுகளிலிருந்து வந்த குடும்பம் எங்கள் பக்கத்து வீடு. அவர்கள் வாசிப்பது தஹிதி பாணி யுகுலேலே. நாம் படத்தில் பார்க்கிற பெட்டி வடிவம் இல்லை. ஒரே மரக்கட்டையில் செதுக்கியது. உள்ளே பொள்ளல் பெட்டி கிடையாது. முன்னால் சின்ன வட்டமாக மெல்லிய பலகை, அதற்குப் பின்னால் கூம்பாகக் குடைந்த துளை, அது முதுகுப்பக்கம் திறந்திருக்கும். கம்பிகள் எட்டு, இரண்டிரண்டாக. கம்பி என்றால் மீன்பிடி நரம்பு, அதுவும் பளிச்சென்ற நிறத்தில். அவர்கள் வீட்டுத் தாத்தா அறுந்த கம்பிக்குத் தூண்டில் பெட்டியைத்தான் திறப்பார்.

அந்த வேகம் சொல்லி மாளாது. வலதுகை கண்ணுக்கே தெரியாது. ஹவாய் வாசிப்பில் ஒரு சாய்வு, ஓர் ஓய்வு உண்டு. இது நேர்மாறு, விரட்டு விரட்டு என்று விரட்டும். திருமணமோ துக்கமோ தேவாலயமோ, ஏழெட்டுப் பேர் ஒன்றாக வாசிப்பார்கள். ஒரே அடி அடிக்கிறார்கள் என்று தூரத்திலிருந்து தோன்றும். பக்கத்தில் போய்க் கேட்டால் ஒருவர் தாளத்தைப் பிடித்திருப்பார், மற்றவர்கள் அதன்மேல் குறுக்கே வெட்டுவார்கள்.

பழையபொருள்:
என்னுடையது சின்ன அனுபவம். பழைய சாமான் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் யுகுலேலே கிடைத்தது. மரியோ மக்காஃபெரி என்ற கித்தார் தச்சர் 1949இல் இப்படி வார்த்து விற்கத் தொடங்கினார். ஆர்தர் காட்ஃப்ரே என்ற தொகுப்பாளர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்துக் காட்ட, லட்சக்கணக்கில் போயிற்று. அது பொம்மைதானே என்று நினைப்போம். நான் வாங்கியது இன்றும் சுருதி நிற்கிறது. மரத்தில் செய்த என் இன்னொரு யுகுலேலே ஈரப்பதம் மாறினால் வளைந்துகொள்கிறது.

வெள்ளிக்கிழமை:
முதியோர் இல்லம் ஒன்றில் தன்னார்வலராகப் போகிறேன். கித்தாரின் எஃகுக் கம்பி வயதானவர்களின் விரல் நுனியை அறுத்துவிடும். யுகுலேலேயின் நைலான் கம்பி அப்படியில்லை, எடையும் குறைவு, மடியில் வைத்தால் சரியாமல் நிற்கும். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். மிகச் சிறிய சோப்ரானோவை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். கீல்வாதத்தில் தடித்த விரல்களுக்கு அதில் ஃபிரெட்டுகள் நெருக்கம். கொஞ்சம் பெரிய கன்சர்ட் அல்லது டெனார் அளவுதான் அவர்களுக்கு ஒத்துவருகிறது.

அங்கே ஒரு தம்பதி. பக்கவாதத்தில் ஐயாவின் இடதுகை விழுந்துவிட்டது. அம்மா அவரை ஒட்டி உட்கார்ந்து கழுத்துப் பகுதியில் கார்ட் பிடிப்பார், ஐயா வலதுகையால் அடிப்பார். அம்மா அடுத்த கார்டுக்கு மாறத் தாமதமானால் ஐயா அடிப்பதை நிறுத்திவிட்டு அவரை முறைப்பார். அறுபது வயதில் வாங்காத திட்டையெல்லாம் இப்போது வாங்குகிறேன் என்று அம்மா சிரிப்பார்.

எஃகுக்கம்பி:
வெள்ளிக்கிழமை அக்கா, இதற்கு நான் என்ன பதில் சொல்ல. சரி, கூட்டம் சேர்வது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். வாத்தியமாக அதற்கு எல்லை குறைவு என்ற என் கருத்து மட்டும் மாறவில்லை.

மணிநாதம்:
எல்லை என்று நீங்கள் நினைப்பதில்தான் அதன் அழகே இருக்கிறது. நான்காவது கம்பியான ஜி, கனமான கம்பியாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இல்லை. அது சி, ஈ இரண்டையும்விட மேலே ஒலிக்கும். ரஜாவிலிருந்து வந்த சுருதி இது என்று கடலோடி சொன்னார் அல்லவா, அதன் விளைவு. கித்தாரில் ஸ்வர வரிசையை ஒரே கம்பியில் ஓட்டுவோம், முந்தைய ஸ்வரம் நின்றுவிடும். இங்கே அடுத்தடுத்த ஸ்வரங்களை வெவ்வேறு கம்பிகளில் பிரித்து வாசித்தால் ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது எழும். கம்பனெல்லா என்பார்கள். பழைய பரோக் கித்தார்க்காரர்கள் செய்த வேலைதான்.

அப்புறம் ஹவாய் யுகுலேலேக் கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அவர் வாசித்த காணொளி 2006இல் யூடியூபில் பரவியது. யுகுலேலேயை நான் கையில் எடுத்ததற்கு அதுதான் காரணம். பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் கமகம் கேட்காதீர்கள். நைலான் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் ஸ்வரம் அவ்வளவாக ஏறாது. வீணை கற்றவள் என்ற முறையில் இந்த ஒரு குறை எனக்கு உண்டு.

துறைமுகம்:
ஹவாய்க்கு வராத ஒரு கிளையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வேலை விஷயமாக ஜகார்த்தாவில் இருந்தபோது நகரின் வடக்கே துகு என்ற பகுதிக்கு ஒரு நண்பர் அழைத்துப்போனார். க்ரொன்சோங் என்ற இசைக்குப் பேர்போன இடம். யுகுலேலே போன்ற இரண்டு சின்ன வாத்தியங்கள் அதன் உயிர். நைலான் கம்பி போட்டது சுக், எஃகுக் கம்பி போட்டது சாக். ஒன்று அடிக்கிற இடைவெளியில் மற்றது அடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் தாளம் முழுமை, தனியாக ஒன்றைக் கேட்டால் ஏதோ விட்டுப்போனது போலிருக்கும். இவை ஹவாயின் பிள்ளைகள் அல்ல, அதே போர்த்துகீசியத் தாயின் வேறு பிள்ளைகள்.

எனக்கு அங்கே மயிர்க்கூச்செறிந்தது வேறொரு காரணத்துக்காக. துகுவில் 17ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் மார்டைக்கர்கள். போர்த்துகீசியரிடம் அடிமைகளாக இருந்து, பிறகு டச்சுக்காரர்கள் காலத்தில் விடுதலை பெற்றவர்கள். அவர்களில் பலருடைய வேர் இந்தியக் கரையில், வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை உட்பட. பல தலைமுறை போர்த்துகீசியக் கிளைமொழி பேசி, போர்த்துகீசிய வாத்தியம் வாசித்திருக்கிறார்கள். வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் உங்கள் முன்னோர் எங்கிருந்து என்று கேட்டேன். “போர்ச்சுகல்” என்றார் சட்டென்று. கொஞ்சம் கழித்து, “இந்தியாவும் என்பார்கள்” என்று சேர்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.

கடலோடி:
துறைமுகம், இது எனக்குப் புதுச் செய்தி. தனியாக ஒரு இழை தொடங்குங்கள், அந்த வாத்தியங்களின் படமும் இருந்தால் போடுங்கள்.

புதுவிரல்:
எல்லோருக்கும் வணக்கம். படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்று நினைக்கிறேன். எந்த அளவு வாங்க, என்ன தெரிந்துகொண்டு போக?

வெள்ளிக்கிழமை:
கன்சர்ட் வாங்குங்கள், பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். பாரிடோன் என்ற பெரிய அளவு மட்டும் வேண்டாம், அதன் சுருதி டி, ஜி, பி, ஈ. கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சி, ஏ மைனர், எஃப் தெரிந்தால் முதல் நாளுக்குப் போதும்.

மணிநாதம்:
புதுக் கம்பி சில நாள் இழுத்துக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கும். வாத்தியத்தில் கோளாறு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தலைப்பகுதியில் மாட்டிச் சுருதி பார்க்கிற க்ளிப் ட்யூனர் ஒன்று கையோடு இருக்கட்டும்.

எஃகுக்கம்பி:
இரண்டு ட்யூனராக எடுத்துப் போங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் தேவைப்படும்.