தூண்டில் நரம்பில் கட்டினால் பேய் நிற்குமா?

கொல்லைக்காரன் (எடிசன், நியூஜெர்சி)
பக்கத்து இழையில் ஒருத்தர் அளந்துவிட்டதைப் படிச்சதுல இருந்து மனசே ஆறல. ஹாலோவீனுக்கு வீட்ல செஞ்ச ஆளுயரப் பேயை வாசல்ல நிறுத்த கம்பியே தேவையில்லையாம், மூணு பக்கம் தூண்டில் நரம்பு இழுத்துக் கட்டினா போதுமாம். எட்டு வருஷமா புல்தரையில பேய் நிறுத்தறவன் சொல்றேன், எழுதி வெச்சுக்கோங்க. அரை அங்குல ரீபார் (கான்கிரீட்டுக்குள்ள போடற முறுக்குக் கம்பி), நாலடி நீளம், அதுல இரண்டடி மண்ணுக்குள்ள. வெளியே நிக்கிற இரண்டடி மேல அரை அங்குல பிவிசி குழாயைச் சொருகினா கச்சிதமா இறங்கும். அதுதான் முதுகெலும்பு. அதுக்கப்புறம்தான் பழைய பேன்ட்டு, செய்தித்தாள், டாலர் கடை விக் தலை எல்லாம். இரண்டடி. ஒரு அங்குலம் குறையக் கூடாது.

தூண்டில்தாசன் (டாலஸ்)
அளந்துவிட்டது நான்தாண்ணே, வணக்கம். எங்க ஊரு மண்ணு கரிசல் மாதிரி களிமண்ணு. மழை இல்லாத அக்டோபர்ல வெடிச்சுக் கிடக்கும். அதுல இரண்டடி இறக்கணும்னா நானே பேயாயிருவேன். நரம்பு 50 பவுண்டு தாங்கும். முளையை பொம்மைக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சு அடிச்சு, கழுத்துல கட்டாம தோள்ல கட்டணும். கூடாரம் எப்படிண்ணே நிக்குது? அதுக்குள்ள ரீபாரா இருக்கு?

கொல்லைக்காரன்
கூடாரத்துக்கிட்ட ராத்திரி எட்டு மணிக்கு மிட்டாய் கேட்டுக் குழந்தைங்க ஓடி வருமா? கண்ணுக்கே தெரியாத நரம்பை முழங்கால் உயரத்துல கட்டி வெச்சிருக்கீங்க. சரி, அதை விடுங்க. நைலான் நரம்பு மழையில நனைஞ்சா நெகிழும், தெரியுமா? இரண்டடிக்கு பதில் சொல்லுங்க.

ஸ்கார்பரோ அக்கா
தம்பிமாரே, இரண்டடி ஒன்றரை அடி எண்டு சண்டை பிடிக்கிறதுக்கு முன்னம், நிலத்துக்குக் கீழ என்ன போகுது எண்டு பாத்தனீங்களோ? வீட்டுக்கு முன்னால எரிவாயுக் குழாய், கேபிள் எல்லாம் போகும். இஞ்ச கனடாவில நாங்கள் ஒன்டாரியோ வன் கோல் எண்ட சேவைக்குச் சொன்னால் காசில்லாமல் வந்து குறிச்சுவிடுவினம். உங்களுக்கு அமெரிக்காவில அதே வேலைக்கு 811 எண்ட நம்பர் இருக்கு. அதோட கம்பியின்ர நுனிக்கு ஒரு மூடி போடுங்கோ. பிள்ளை ஒண்டு தடுக்கி அதுக்கு மேல விழுந்தால் என்ன செய்வியள்?

கொல்லைக்காரன்
அக்கா, 811 தோண்டறவங்களுக்கு. நான் தோண்டல, அடிக்கிறேன்.

ஸ்கார்பரோ அக்கா
குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியுமோ?

கணக்குப்பிள்ளை
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். “நிக்கிறது”ன்னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? ஆடாம இருக்கிறதா, சாயாம இருக்கிறதா, ரோட்டுக்குப் பறக்காம இருக்கிறதா? மூணும் வேற வேற. காத்து வேகம் இரண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர்ல ஒரு சதுர மீட்டர் துணி மேல கிட்டத்தட்ட 8 கிலோ, 80ல 30 கிலோ. அது நெஞ்சு உயரத்துல விழறதால, கம்பி கடப்பாரை மாதிரி மண்ணை நெம்பும். ஆழத்தை விட அங்கியோட அகலம்தான் முக்கியம். முதுகுப் பக்கம் துணியைக் கிழிச்சு விட்டா பாதிப் பிரச்சினை தீரும்.

கொல்லைக்காரன்
நல்ல கணக்கு. அதுல இரண்டடி எங்க வருது?

கணக்குப்பிள்ளை
வரல. அதைத்தான் சொல்றேன்.

கொல்லைக்காரன்
அப்ப கணக்கு முழுமையில்ல.

மிசிசாகா மல்லிகா
எங்க வீட்ல புல்லே கிடையாது, முழுக்க கான்கிரீட். அஞ்சு கேலன் வாளியில சிமென்ட் கலந்து ஊத்தி, ஈரமா இருக்கும்போதே நடுவுல குழாயை நட்டுடுவேன். மறுநாள் ரெடி. மேல அங்கி தொங்கறதால வாளி தெரியாது. மூணு வருஷமா அதே வாளிதான்.

கொல்லைக்காரன்
அது நிக்கறது இல்லம்மா, உக்காந்திருக்கறது.

தூண்டில்தாசன்
அண்ணனுக்கு வாளியும் ஆகாது, நரம்பும் ஆகாது. ஊர்ல சோளக்கொல்லை பொம்மையைப் பார்த்திருக்கீங்களாண்ணே? ரெண்டு கழி, ஒரு வைக்கோல் பிரி, கவுத்துப்போட்ட பானையில சுண்ணாம்புப் பொட்டு. எந்தத் தாத்தா டேப்பு வெச்சு இரண்டடி அளந்தாரு?

கொல்லைக்காரன்
எங்க தாத்தா அளந்தாரு. டேப்புல இல்ல, முழத்துல. ஒண்ணேகால் முழம். இரண்டடி வருதா இல்லையா, போட்டுப் பாருங்க. உங்க மதுரைப் பக்கம் குருவி வந்தா கையைத் தட்டி விரட்டுவாங்க போல.

தூண்டில்தாசன்
மதுரையை இழுக்காதீங்க. ஒரு முழம் ஒன்றரை அடி. ஒண்ணேகால் முழம் இரண்டடிக்குக் கம்மிதான் வருது. உங்க தாத்தாவே உங்க பேச்சைக் கேட்கல.

கொல்லைக்காரன்
எங்க தாத்தா கை நீளம். அது இருக்கட்டும், 2012 அக்டோபர் 29 சாண்டி புயல் அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க? அந்த வருஷம் எங்க கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி ஹாலோவீனையே நவம்பர் 5க்குத் தள்ளி வெச்சார். மரமெல்லாம் வேரோட சாய்ஞ்சது. என் பேய் நின்னது.

பனிக்காலம்
எட்டு வருஷமாத்தான் நிறுத்தறேன்னு மேல எழுதியிருக்கீங்க. சாண்டி 2012ங்க.

கொல்லைக்காரன்
எட்டு வருஷம் இந்த வீட்ல. அதுக்கு முன்னாடி வாடகை வீடு. எல்லாத்தையும் விலாவாரியா எழுத நான் என்ன சுயசரிதையா எழுதறேன்?

பனிக்காலம்
புயல் வருதுன்னு வாசல்ல இருக்கறதை எல்லாம் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னாங்களே. பேய் மட்டும் வெளியவா இருந்துச்சு?

கொல்லைக்காரன்
கராஜ்ல நின்னது. நின்னதா இல்லையா?

ஃபிரிஸ்கோ ராஜா
எதுக்கு சார் இவ்வளவு பாடு? ஹோம் டிப்போவுல 2020ல இருந்து பன்னிரண்டடி எலும்புக்கூடு விக்கிறான். முதல்ல வந்தப்ப 299 டாலர். அடிப்பீடம், முளை எல்லாம் அவனே தர்றான். பெட்டியைப் பிரி, மாட்டு, முடிஞ்சது.

மிசிசாகா மல்லிகா
இழையோட முதல் பதிவைப் படிங்க ராஜா. வீட்ல செஞ்சது.

ஃபிரிஸ்கோ ராஜா
வீட்லதான் மாட்டினேன்.

ஸ்கார்பரோ அக்கா
மிச்ச நாளெல்லாம் அதை எங்க வைக்கிறனீங்கள்?

ஃபிரிஸ்கோ ராஜா
அதைப் பத்தி மனைவி தனி இழை ஆரம்பிப்பாங்க.

தூண்டில்தாசன்
சமாதானமா ஒண்ணு சொல்றேன். கம்பியை ஒன்றரை அடி அடிச்சுட்டு, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குமோ அந்தப் பக்கம் மட்டும் ரெண்டு நரம்பு கட்டலாம். நரம்புல சிவப்பு ரிப்பன் கட்டிட்டா புள்ளைங்க தடுக்காது. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி.

கொல்லைக்காரன்
ஒன்றரை அடின்னு நீங்களே இறங்கி வந்துட்டீங்க. அப்ப கம்பி வேணும்னு ஒத்துக்கிட்டீங்க. இன்னும் அரை அடிதான் பாக்கி.

தூண்டில்தாசன்
ஒத்துக்கல. நீங்கதான் நரம்புக்கு வழி விட்டீங்க.

கொல்லைக்காரன்
எங்க விட்டேன்? அந்த வரியைக் காட்டுங்க பார்க்கலாம். போன வருஷம் கறிவேப்பிலை இழையிலயும் இதே வேலையைத்தான் செஞ்சீங்க. நான் சொல்லாததைச் சொன்னேன்னு முப்பது பேர் முன்னாடி எழுதினீங்க. நான் மறக்கல.

தூண்டில்தாசன்
குளிர்காலத்துல தொட்டிச் செடிக்கு மோர் ஊத்தச் சொன்னீங்க. கேட்டு ஊத்தினேன். செடி போச்சு. அதையும் இரண்டடி ஆழத்துல நட்டிருக்கணுமோ?

மிசிசாகா மல்லிகா
எனக்கும் போச்சு!

கொல்லைக்காரன்
புளிச்ச மோரையா ஊத்தினீங்க, புதுசையா?

கணக்குப்பிள்ளை
“நிக்கிறது”ன்னா என்னன்னு இன்னும் யாரும் சொல்லல.

கொல்லைக்காரன்
கணக்குப்பிள்ளை, தனி இழை போடுங்க. தாசன், புளிச்சதா புதுசா?
திருத்தம்: இரண்டடிக்கும் இன்னும் பதில் வரல.