அப்பாவுக்கு நிகோடின் சூயிங்கம்: மெடிக்கல் ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

அமுதா_வில்லிவாக்கம்

அப்பா ஐசிஎஃபில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். தினமும் ஒரு பாக்கெட் சிகரெட். பல் தேய்த்த கையோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவார், ஒரு கையில் காபி டம்ளர், இன்னொரு கையில் சிகரெட். மூச்சிரைப்புக்கு டெரிபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் "முதல்ல தம்மை விடுங்க" என்றதோடு சரி.

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நிகோடின் சூயிங்கம் கேட்டேன். 2 மில்லிகிராம் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், வேறு பேச்சே இல்லை. அப்பா அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளினார். விக்கல், நெஞ்செரிச்சல். "இதுக்கு சிகரெட்டே தேவலை" என்று மிச்சத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். துபாயில் இருக்கும் சித்தப்பா பையன் வேப், அதான் இ-சிகரெட், கொண்டுவருகிறேன் என்கிறான். கம் நிஜமாகவே வேலை செய்யுமா? வேப் பரவாயில்லையா?

மாலதி_பார்மசிஸ்ட்

கொளத்தூர் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இருமல் சிரப் கேட்டு வருபவரின் சட்டைப்பையில் தீப்பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். சிரப்பை எடுக்கும் முன் நான் ஒன்று கேட்பேன்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரைமணிக்குள் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகவே பழகியிருக்கிறது என்று அர்த்தம், 2 மில்லிகிராம் கம் பெரும்பாலும் போதாது. உங்கள் அப்பா அந்த ரகம்தான். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும், 2-க்கு வேண்டாம்.

அடுத்தது மெல்லும் விதம். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் சுறுசுறுவென்று மிளகு மாதிரி ஒரு காரம் வரும். வந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மென்று வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு கம் சுமார் அரைமணி நேரம் வரும். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். அப்புறம் காபி! காபியில் இருக்கும் அமிலம் நிகோடின் ஏறுவதைத் தடுக்கும். கம் போடுவதற்குக் கால்மணி முன்பிருந்தே காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது. மொட்டைமாடியில் காபியோடு கம் போட்டிருந்தால் அது பாதிதான் வேலை செய்திருக்கும்.

டெரிபிலின் விஷயம் இதைவிட முக்கியம். அதில் தியோபிலின் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள தார், கல்லீரல் அந்த மருந்தைக் கழிக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். தம்மை நிறுத்தினால் வேகம் குறையும், அதே டோஸ் ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். படபடப்பு, குமட்டல், கை நடுக்கம் வரலாம். கம் போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் இது நிகோடினின் வேலை அல்ல. நிறுத்தும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி டோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். காபியின் கஃபீனுக்கும் இதே கதைதான். தம் விட்டவர்கள் "தூக்கமே வரல" என்றால் நான் முதலில் விசாரிப்பது எத்தனை காபி என்று.

வேப் வேண்டவே வேண்டாம். 2019 சட்டப்படி இ-சிகரெட்டை இறக்குமதி செய்வதே குற்றம். தம்பி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்வான்.

பெரம்பூர்_பாஸ்கர்

மேடம், இவ்வளவு பேசுகிற பார்மசிஸ்ட் எந்தக் கடையில் இருக்கிறார்? எங்கள் ஏரியாவில் சுவரில் சர்டிபிகேட் மட்டும் தொங்குகிறது, ஆளைக் காணோம். கவுன்டரில் நிற்கும் பையனுக்குத் தெரிந்த ஒரே ஆலோசனை "ஜிபே பண்ணுங்கண்ணா".

மாலதி_பார்மசிஸ்ட்

நீங்கள் சொல்வது பாதி சரிதான். மருந்து கொடுக்கும்போது விளக்கம் சொல்வது பார்மசிஸ்டின் கடமை என்று 2015 பார்மசி பிராக்டிஸ் விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் பேசியதற்கென்று யாரும் தனியாகக் காசு தருவதில்லை, சாயங்காலக் கூட்டத்தில் ஓனர் முறைப்பார். அதனால் மத்தியானம் வெறிச்சோடிக் கிடக்கும் நேரத்தில் போய், "பார்மசிஸ்ட் இருக்காங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை. கேட்கிறவர்கள் கூடினால்தான் கடைக்காரர்களும் ஆள் வைப்பார்கள்.

ஆட்டோ_செல்வம்

சிகரெட் பாக்கெட் மேலேயே தம்மை விட உதவி கேட்க 1800-11-2356 என்று நம்பர் போட்டிருக்குமே, அது இலவசம், தமிழிலும் பேசுவார்கள். நான் கூப்பிட்டுப் பேசித்தான் விட்டேன். ஆசை வந்தால் அஞ்சு, பத்து நிமிஷம் தள்ளிப்போடு, அதுவே அடங்கும் என்றார்கள். ஸ்டாண்டில் எல்லோரும் தம் பற்றவைக்கும்போது அந்த அஞ்சு நிமிஷம் ரொம்ப நீளம், அது வேறு விஷயம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

அமுதா_வில்லிவாக்கம்

நன்றி அக்கா. டெரிபிலின் விஷயத்தை டாக்டரிடம் கண்டிப்பாகப் பேசுகிறேன். இன்னொரு சந்தேகம். அப்பாவுக்குக் கீழே பல்செட். கம் அதில் ஒட்டிக்கொள்கிறது என்றார்.

மாலதி_பார்மசிஸ்ட்

அப்படியென்றால் கம்மை விட்டுவிட்டு லாசென்ஜ் கேளுங்கள், அதாவது சப்பும் மாத்திரை. கடிக்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது, தானாகக் கரையட்டும். காபி கண்டிஷன் இதற்கும் உண்டு.