யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்குக் கரை: புயலுக்குப் பிறகு வீட்டை எங்கை கட்டுறது?

மட்டக்கோல்:
கரையிலை உடையிற வீட்டை அதே அத்திவாரத்திலை திரும்பக் கட்ட உதவிக்காசு குடுக்கிற வழக்கத்தை முதல் நிப்பாட்ட வேணும். 1964 மார்கழிப் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை மனிசர் வாழத் தகுதியில்லாத இடம் எண்டு அரசாங்கமே அறிவிச்சது. சுனாமிக்குப் பிறகு இஞ்சை வடக்கு, கிழக்குக் கரைக்கு 200 மீற்றருக்குள்ளை கட்டக்கூடாது எண்டு ஒரு எல்லை போட்டவை, பிறகு தளர்த்திப்போட்டினம். மணல்காட்டிலை இருந்து நாகர்கோவில் வரை அந்த 200 மீற்றரைத் திரும்பக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கரைவலை:
தனுஷ்கோடி ரெண்டு பக்கமும் கடல், ஆழம் குறைஞ்ச கடல். புயல் தள்ளிற தண்ணி அப்பிடியான இடத்திலைதான் கூட ஏறும். அதை இஞ்சை கொண்டுவந்து ஒட்டாதேங்கோ. அதோடை, தகுதியில்லை எண்டு அறிவிச்ச இடத்திலை இண்டைக்கும் மீனவர் இருக்கினம்.

எங்கடை நிலத்தின்ரை கிடப்பைப் பாருங்கோ. கடலுக்குப் பக்கத்திலை மணல் திட்டி உயரம். அதுக்குப் பின்னாலை நிலம் சரிஞ்சு தரவையாகி (பதிஞ்ச வெட்டவெளி) ஏரியிலை முடியுது. 200 மீற்றர் உள்ளுக்குப் போறவன் பல இடத்திலை திட்டியாலை இறங்கிப் பள்ளத்துக்கைதான் போறான். 2008 நிஷா புயலுக்குக் குடாநாட்டை மூடினது மழைவெள்ளம், கடல் இல்லை. முன்னாலை இருந்து வாற தண்ணிக்குத் தப்பி, பின்னாலை இருந்து வாற தண்ணிக்கை வீட்டை வைக்கிறதோ? தொழிலும் இருக்கு. கரைவலை இழுக்கிறவனுக்கு வாடியும் (கரையிலை போடுற மீனவர் கொட்டில்) வலையும் கண்ணுக்கு முன்னாலை வேணும்.

மட்டக்கோல்:
சரி, தூரத்தை விட மட்டம் முக்கியம் எண்டதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் திட்டி உயரமாக் கிடக்கு எண்டு அதின்ரை முதுகிலை வீடு வைச்சால் அடியை அலை தின்னும். மணலிலை 2 அடி ஆழ அத்திவாரம், முன்பக்கம் அரிஞ்சு போனால் சுவர் அந்தரத்திலை நிக்கும். திட்டியின்ரை பின்சரிவுதான் சரியான இடம். பழைய வெள்ள அடையாளம் கோயில் மதிலிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் கறையாக் கிடக்கும். அதுக்கு மேலை 2 அடி உயர்த்தித் தரைமட்டம் வைக்க வேணும்.

உயர்த்தேக்கை நடக்கிற பிழையையும் சொல்லுறன். மணலை 6 இஞ்சி 6 இஞ்சியாப் போட்டு, தண்ணி விட்டு இறுக்க வேணும். டிப்பராலை ஒரேயடியாக் கொட்டினால் ஒரு மாரி கழிய நிலம் இறங்கித் தரை வெடிக்கும். அந்த மணலைத் திட்டியிலையே வெட்டிறது அதை விட மோசம், வேலியைப் பிடுங்கி அடுப்பெரிக்கிற மாதிரி.

சீமெந்துக்கல்:
ரெண்டு பேரும் தண்ணியைப் பற்றியே கதைக்கிறியள். புயலடிச்சால் முதல் போறது கூரை. மணிக்கு 150 கிலோமீற்றர் காற்று சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 110 கிலோ அழுத்தம் குடுக்கும். தகரமும் மரமும் சேர்ந்த கூரையின்ரை பாரம் சதுர மீற்றருக்கு 25 கிலோ வருமோ தெரியாது. 50 சதுர மீற்றர் வீட்டுக்குக் கூரையை மேலை இழுக்கிற விசை 4 தொன்னுக்கு மேலை. இதை 4 இஞ்சி ஆணி பிடிச்சு வைக்குமெண்டு நினைக்கிறது எங்கடை ஆக்களின்ரை அபார நம்பிக்கை.

இந்த இழுவையைத் தாங்கிற பிடிப்பு தகரத்திலை துடங்கி அத்திவாரம் வரை அறாமல் இறங்க வேணும். சுவருக்கு மேலை சுத்திவர பீம்: 12 மில்லிமீற்றர் கம்பி நாலு, 6 மில்லிமீற்றர் றிங் 6 இஞ்சிக்கு ஒண்டு. பீம் கொங்கிறீற் போடேக்கையே 3 அடிக்கு ஒரு போல்ற் நட்டு விட வேணும், மூலையிலை ரெண்டு. சுவருக்கு மேலை கிடக்கிற மரத்தை, அதுதான் சுவர்வளையை, அதோடை முறுக்கி, ஒவ்வொரு கைமரத்தையும் பட்டையாலை வளையோடை கட்டுங்கோ. மூலைகளிலை பீமிலை இருந்து அத்திவாரத்துக்குக் கம்பி இறங்காட்டில், பீமோடை சேர்ந்து கூரை போகும். சீற்றுக்கு வெளி ஓரத்திலும் முகட்டடியிலும் கொழுக்கியை நெருக்கமாப் போடுங்கோ, காற்று உரிக்கத் துடங்கிறது அங்கைதான்.

விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடை ஒரே சீற்றா நீட்டாதேங்கோ. விறாந்தைக்குக் கீழை காற்றுப் புகுந்து தூக்கும், மேலை உறிஞ்சும். அது தனியாப் போனால் வீடு மிஞ்சும். 1978 மட்டக்களப்புப் புயலுக்குப் பிறகு 1980 இலை நாட்டை மூண்டு காற்று வலயமாப் பிரிச்சு வழிகாட்டி ஒண்டு வந்தது. ஆனால் வரைபடம் கீறிறவருக்குத் தெரிஞ்சது கூரையிலை நிக்கிற தச்சருக்குப் போய்ச் சேருறேல்லை.

உவர்க்கிணறு:
கம்பிக் கணக்குச் சரி. எந்தத் தண்ணியிலை குழைக்கிறியள்? உப்பேறின கிணத்துத் தண்ணி, கழுவாத கடல்மணல், கம்பிக்கு மேலை ஒரு இஞ்சி கூட இல்லாத கொங்கிறீற் மூடல். கம்பி துருப்பிடிச்சு ஊதும், கொங்கிறீற் பிளக்கும். அடுத்த புயல் வரேக்கை அந்தப் பீமுக்கை கம்பி எண்டு சொல்ல ஒண்டும் இராது. பவுசரிலை நல்லதண்ணி எடுங்கோ, 2 இஞ்சி மூடலுக்குக் கட்டை வையுங்கோ. பிறகு நனைக்கிறதும் நல்லதண்ணியாலைதான்.

குடிக்கிற கிணத்துக்குக் கடல்தண்ணி புகுந்தால் மோட்டரைப் போட்டு இறைச்சுத் தள்ளுற பழக்கம் இருக்கே, அது பெரிய பிழை. மணலுக்கை நல்லதண்ணி உப்புத்தண்ணிக்கு மேலை மிதக்கிற மெல்லிய படலம். கடல்மட்டத்துக்கு மேலை ஒரு அடி நல்லதண்ணி நிண்டால் கீழை 40 அடி வரை தாங்கும். மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால் கீழை இருந்து உப்பு ஏறி வரும். சுனாமிக்குப் பிறகு திரும்பத் திரும்ப இறைச்ச கிணறுகள் இப்பிடித்தான் கெட்டது. சேறும் குப்பையும் எடுக்க ஒருக்கா மெதுவா இறையுங்கோ, மிச்சத்தை மாரிமழை கழுவும்.

குளோரின் கிருமிக்குத்தான், உப்புக்கு இல்லை. 2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணி எண்டால் 6,300 லீற்றர் வரும். 70 வீதக் குளோரின் தூள் 450 கிராம் அளவை வாளியிலை கரைச்சு ஊத்தி, 12 மணித்தியாலம் விட்டு, மணம் போகும்வரை அள்ளுங்கோ. மலகூடக் குழி 50 அடிக்குள்ளை இருந்தால் இவ்வளவும் வீண்.

அலைக்கட்டு:
ஒரு மதில் கட்டினால் இந்தக் கதை ஒண்டும் தேவையில்லை. 1900 புயலிலை குறைஞ்சது 6,000 பேர் செத்த அமெரிக்காவின்ரை கல்வெஸ்ரன் நகரம் 17 அடிக் கடற்சுவர் கட்டிச்சுது, மண் நிரப்பி ஊரையே உயர்த்திச்சுது. 1915 புயலுக்குத் தப்பிச்சுது.

கரைவலை:
அந்தச் சுவருக்கு முன்னாலை இருந்த கடற்கரை என்னாச்சு எண்டதையும் எழுதுங்கோ. அலை சுவரிலை அடிச்சுத் திரும்பேக்கை அடிமணலைக் கொண்டு போகும். கரை போனால் வள்ளம் எங்கை ஏத்துறது, வலை எங்கை இழுக்கிறது? அவங்கள் சுவர் மட்டும் கட்டேல்லை. மண்ணைப் பம்பாலை அடிச்சு, ஏறத்தாழ 2,000 கட்டிடத்தை யக் வைச்சுத் தூக்கினவங்கள். எங்கடை பிரதேச சபைக்கு வாய்க்கால் துப்பரவாக்கவே காசு தட்டுப்பாடு.

திட்டியைக் காப்பாத்துங்கோ, அதுதான் மதில். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டது பழமொழி மட்டுமில்லை. அடம்பனும் இராவணன் மீசையும் மணலை உண்மையிலேயே பிடிச்சு வைச்சிருக்கு. சவுக்கை முன்வரிசையிலை நடாதேங்கோ, வேர் மேலோட்டம், சருகுக்குக் கீழை கொடி வளராது. வள்ளம் இறக்கத் திட்டியை வெட்டிற பாதை நேரா வேண்டாம். கோணலா வெட்டினால் கடல் வாய்க்கால் மாதிரி உள்ளுக்கு வராது.

மட்டக்கோல்:
அப்ப வாடி கரையிலை கிடுகாலை, வீடு பின்சரிவிலை. இதுக்கு நான் எதிரில்லை. ஆனால் கடலிலை இருந்து 300 மீற்றருக்கை கட்ட 1981 கரையோரச் சட்டப்படி அனுமதி எடுக்க வேணும். அதுக்கு முதல் ஒவ்வொரு காணிக்கும் மட்டம் பார்த்து ஆர் குடுக்கிறது?

சீமெந்துக்கல்:
அதுக்கு நில அளவையாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை அண்ணை. தண்ணி நிரப்பின 30 மீற்றர் உள்ளுக்குத் தெரியிற பிளாஸ்ரிக் குழாயும் ரெண்டு பேரும் போதும். மதிலிலை இருக்கிற வெள்ளக் கறையிலை ஒரு முனை, காணியிலை நட்ட தடியிலை மறுமுனை. தூரம் கூட எண்டால் இடையிலை தடி நட்டு நட்டுப் போங்கோ. குழாய்க்கை காற்றுக்குமிழி நிண்டால் அளவு பிழைக்கும், முதல் அதைத் தட்டி வெளியாலை எடுங்கோ.