30 செக்கன் பாட்டுக்கு அனுமதி வேண்டாமா?

வாவிக்கரையான்: கலியாண வீடியோவில் சினிமாப் பாட்டை 30 செக்கனுக்குள் சேர்த்தால் பதிப்புரிமைச் சிக்கலே வராது என்று ஒருவர் நேற்று இங்கே எழுத, பலர் அதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், அனுமதி பெறாமலே ஒரு படைப்பைப் பயன்படுத்த இடம் தரும் ‘நியாயமான பயன்பாடு’ பற்றிய 11ஆம் பிரிவில் செக்கன் கணக்கு எந்த வரியில் இருக்கிறது என்று அந்த மேதை காட்டுவாரா?

கல்முனைக் கமரா: அந்த மேதை நான்தான். இத்தனை வருடத் தொழிலில் 30 செக்கனைத் தாண்டியதில்லை. ஒருவரும் வழக்குப் போட்டதுமில்லை.

வாவிக்கரையான்: பொலிஸ் மறிக்கவில்லை என்பதற்காகத் தலைக்கவசமின்றிக் கல்லடிப் பாலத்தைக் கடப்பது சட்டபூர்வமாகிவிடுமா? பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த பகுதியின் அளவும் முக்கியத்துவமும், உரிமையாளரின் சந்தைக்கு வரும் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் சட்டம் பார்க்கச் சொல்கிறது. நீங்களோ காசு வாங்கிக்கொண்டு, பாட்டின் உயிரான பல்லவியையே வெட்டி, மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும் இடத்தில் ஒட்டுகிறீர்கள்.

ஆரையம்பதி ஆசிரியர்: காசு வாங்கினாலே குற்றம் என்பதுபோல் எழுதாதீர்கள். டூ லைவ் க்ரூ என்ற ராப் இசைக்குழு ராய் ஆர்பிசனின் பாடலைக் கேலி செய்து விற்ற வழக்கில், வணிக நோக்கு மட்டுமே நியாயமான பயன்பாட்டை மறுக்கப் போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது.

வாவிக்கரையான்: அது மூலப்பாடலையே கிண்டலடித்த பாட்டு, ஆசிரியரே! கல்முனைக் கமரா யாரைக் கிண்டலடிக்கிறார், மணமக்களையா? அதே நாட்டில் 2005இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒலிப்பதிவிலிருந்து 2 செக்கன் கிட்டார்த் துண்டை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும் என்றது.

கல்முனைக் கமரா: இப்போது நீங்களே செக்கன் கணக்குப் பேசுகிறீர்கள்! அமெரிக்காவில் 2 என்றால் இங்கே 30. சரி, உங்கள் மகளின் சாமத்திய வீட்டு வீடியோவுக்கு முழுப்பாட்டும் வேண்டும் என்று அடம்பிடித்தவர் யார்? அப்போது 11ஆம் பிரிவு நித்திரையா?

வாவிக்கரையான்: அது எங்கள் வீட்டுக்குள் பார்க்கக் கேட்ட வீடியோ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் விளம்பரத்துக்காக யூடியூபில் ஏற்றியதும், உரிமைக் கோரல் வந்து ஒலி அடைபட்டதும் உங்கள் திருவிளையாடல். மிச்ச அல்பத்தையும் இன்னும் தரவில்லை.

ஆரையம்பதி ஆசிரியர்: அல்பத்தை விடுங்கள். வகுப்பில் பாடலை ஒலிக்கவிட்டு ராகம் விளக்கும் எனக்கு, கற்பித்தல் என்ற வகையில் அதே பிரிவு இடம் தருகிறதல்லவா?

வாவிக்கரையான்: கற்பித்தலென்றாலும் அந்த நான்கும் உண்டு. முதலில் இவர் அந்த 30 செக்கன் வரியைக் காட்டட்டும்.

கல்முனைக் கமரா: மிச்சப் பணத்தைக் கட்டுங்கள், அல்பமும் வரும், வரியும் வரும். 30 செக்கன் என்றால் 30 செக்கன்தான்.